சந்தேகம்: மோட்டார் காயில் கட்டுற யூடியூபர் அண்ணனுக்கு விக்கிப்பீடியால கட்டுரை போடலாமா?

காயில்கடை
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாவட்டத்துல ஒரு அண்ணன் மோட்டார் ரீவைண்டிங் வேலைய யூடியூப்ல போட்டுட்டு இருக்கார். பேர் இங்க வேணாம், அவர்கிட்ட இன்னும் கேக்கல. மியூசிக் கிடையாது, வெட்டிப்பேச்சு கிடையாது, எரிஞ்சு போன காயில வெட்டி எடுக்குறதுல ஆரம்பிச்சு கேஜ் பாத்து, சுத்து எண்ணி, ஸ்லாட்ல பேப்பர் சொருகி, புது காயில் இறக்கி, நூல் கட்டி வார்னிஷ் ஊத்துற வரைக்கும் கேமராவ நகத்தவே மாட்டார். அவர் வாய்க்குள்ள சுத்து எண்ணுறது கூட கேக்கும். நான் தொழில் கத்துக்கிட்டதே அதுலதான், இப்ப சொந்தமா கடை போட்டிருக்கேன், கமெண்ட்ல பாத்தா என்ன மாதிரி ஏகப்பட்ட பேர் இருக்காங்க.

தமிழ் விக்கிப்பீடியால அவருக்கு ஒரு பக்கம் இருக்கணும்னு ரொம்ப ஆசை. மணல்தொட்டில (விக்கில எழுதிப் பாக்குற வரைவுப் பக்கம்) எழுதி வச்சிருக்கேன், இன்னும் வெளிய போடல. சப்ஸ்கிரைபர் லட்சத்த எப்பவோ தாண்டியாச்சு, வெள்ளி பட்டன் வந்துருச்சு. இது போதுமா? எத வச்சு முடிவு பண்றாங்க?

ஆலமரத்தடி வாசி
வணக்கம் தம்பி. போடுறதுக்கு முன்னாடியே வந்து கேட்டீங்க பாருங்க, அதுக்கே நன்றி.

பட்டன் கணக்குல வராது. 1 லட்சம் வந்தா வெள்ளி, 10 லட்சம் வந்தா தங்கம், 1 கோடி வந்தா வைரம்னு யூடியூப் தன் தளத்துல இருக்குறவங்களுக்கு தானே குடுக்குறது அது. விக்கில பாக்குறது வேற: அவருக்கு சம்பந்தமே இல்லாத ஆட்கள், நம்பகமான இடத்துல, அவரப் பத்தி விரிவா எழுதிருக்காங்களா? இந்த மூணும் ஒண்ணா அமையணும். வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு கோடிக்கணக்குல சப்ஸ்கிரைபர் இருக்குங்குறதுக்காக கட்டுரை எழுதறதில்ல. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துல இருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைக்கிறத, 2021 ஜனவரில ராகுல் காந்தி அவங்க கூட உக்காந்து சாப்பிட்டத, 1 கோடி தாண்டினதும் முதல்வர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் குடுத்தத எல்லாம் பத்திரிகைக்காரங்க தாங்களா போய் விசாரிச்சு எழுதினாங்க. அத வச்சு அவங்க வீடியோவ ஒரு தடவ கூட பாக்காத ஆள் கட்டுரை எழுதிரலாம். உங்க அண்ணன் விஷயத்துல அப்படி முடியுமா, அதான் கேள்வி. என்னென்ன கைல இருக்கு?

காயில்கடை
ஒண்ணு, ஒரு தமிழ் பேப்பரோட மாவட்டப் பதிப்புல அரைப் பக்கம் வந்துச்சு, நிருபர் பட்டறைக்கே வந்து ஒரு நாள் பூரா இருந்துட்டு எழுதினார். அப்புறம் ஒரு செய்தி வெப்சைட்ல இங்கிலீஷ்ல நல்லா புகழ்ந்து ஒரு கட்டுரை. ஒரு யூடியூப் சேனல்ல முக்கால் மணி நேரப் பேட்டி. ஒரு அமைப்பு சாதனையாளர் விருது குடுத்துச்சு, சர்டிபிகேட் இருக்கு. அவ்ளோதான் அண்ணா.

மேற்கோள் தேடி
நான் சரிபார்க்குற வேலை அதிகம் பண்றவ, சொல்றேன்.

பேப்பர் அரைப் பக்கம் தங்கம். தேதி, பதிப்பு, பக்க எண் எழுதி வைங்க, ஆன்லைன்ல இல்லாட்டியும் பரவால்ல, அச்சுல வந்தத தாராளமா மேற்கோளா குடுக்கலாம்.

அந்த வெப்சைட் கட்டுரைய கீழ வரைக்கும் இறக்கிப் பாருங்க. எழுதினவர் பேர் இருக்கா, இல்ல வெறும் 'டெஸ்க்'னு இருக்கா? 'பிராண்ட் போஸ்ட்', 'பார்ட்னர் கன்டென்ட்', 'இதுக்கு ஆசிரியர் குழு பொறுப்பல்ல' மாதிரி ஏதாவது சின்ன எழுத்துல இருக்கா? இருந்தா அது காசு குடுத்துப் போட்டது. நம்ம ஊர் பெரிய பத்திரிகைங்க வெப்சைட்லயே இது நடக்குது, அதனால இந்திய செய்தித் தளங்கள்ல வர்ற புகழ்ச்சிக் கட்டுரைங்கள கவனமா பாக்கணும்னு ஆங்கில விக்கில தனியாவே எழுதி வச்சிருக்காங்க. போர்ப்ஸ் தளத்துல 'கான்ட்ரிபியூட்டர்'னு போட்டு வர்றதுக்கும் அங்க இதே கதிதான்.

பேட்டில அவர் பேசறது அவர் சொல்றது. பிறந்த ஊர், எந்த வருஷம் சேனல் ஆரம்பிச்சார் மாதிரி தகவலுக்கு எடுத்துக்கலாம், ஆனா கட்டுரைக்கு அவர் தகுதின்னு காட்ட உதவாது. விருதப் பொறுத்தவரை, குடுத்த அமைப்பப் பத்தி மத்தவங்க எழுதிருக்காங்களான்னு பாருங்க, கட்டணம் வாங்கிட்டுக் குடுக்குற விருதுன்னா விட்டுருங்க.

காயில்கடை
பாத்தேன் அக்கா. கீழ சாம்பல் கலர்ல 'பார்ட்னர் கன்டென்ட்'னு இருக்கு, எழுதினவர் பேரே இல்ல. விருதுக்கு பதிவுக் கட்டணம் கட்டினதா அவர் வீடியோலயே சொல்லிருக்கார்.

தெக்கத்திக்காரன்
எனக்கு இதுல கோவம் கோவமா வருது. பேப்பர்காரன் யாரப் பத்தி எழுதுவான்? சினிமாக்காரன், அரசியல்வாதி, சென்னைல இருக்குறவன். கிராமத்துல கிரீஸ் கையோட நிக்கிறவன தேடி வரமாட்டான், அவன் வரலன்னா கலைக்களஞ்சியத்துலயும் இடம் இல்லைன்னா அப்ப யாருக்குத்தான் இந்த கலைக்களஞ்சியம்? டோனா ஸ்டிரிக்லண்ட்னு கனடா விஞ்ஞானி, 2018 மே மாசம் அவங்க வரைவுக் கட்டுரைய ஆங்கில விக்கில ஆதாரம் பத்தலன்னு திருப்பி விட்டாங்க, அக்டோபர்ல அந்தம்மாவுக்கு இயற்பியல் நோபல் பரிசு. அவங்களுக்கே அந்த கதின்னா மோட்டார் கட்டுற மனுஷனுக்கு?

ஆலமரத்தடி வாசி
நீங்க சொல்றதுல உண்மை இருக்கு தோழர், பத்திரிகை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் விக்கியும் சாயும், அது இன்னைக்கு வரைக்கும் தீராத குறை. ஆனா ஸ்டிரிக்லண்ட் விஷயத்துல அவங்களப் பத்தி எழுத வேண்டியவங்க எழுதல, நோபல் வந்த அன்னைக்கு உலகம் பூரா எழுதுச்சு, கட்டுரையும் அன்னைக்கே வந்துருச்சு. ஆதாரம் இல்லாம நாமளா எழுதினா என்ன எழுதுவோம்? 'நல்ல மனுஷன், நிறைய பேருக்கு தொழில் கத்துக்குடுத்தார்'னு எழுதுவோம். அது நமக்குத் தெரியும், படிக்கிறவர் எப்படி சரிபாப்பார்? நாளைக்கு ஒருத்தர் 'ஏமாத்துக்காரர்'னு மாத்தி எழுதினாலும் அதையும் சரிபாக்க வழி இருக்காது.

உயிரோட இருக்குறவங்க விஷயத்துல இது விளையாட்டு இல்ல. 2005-ல ஜான் சீகன்தாலர்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் பக்கத்துல, கென்னடி கொலைல அவருக்கு சம்பந்தம் இருக்குற மாதிரி யாரோ எழுதி வச்சுட்டான், மாசக்கணக்குல யாரும் கவனிக்கல. உங்க அண்ணன் பக்கத்த அவரே தினம் காவல் காத்துட்டு உக்காந்திருக்க முடியுமா? நாலு நல்ல ஆதாரம் இருந்தாதான் தப்பா எழுதுறவன மறுக்க நமக்கும் பிடிமானம் இருக்கும்.

காயில்கடை
புரியுது அண்ணா. இன்னொண்ணு, 'பக்கம் போட்டுத் தர்றோம், நீக்காம பாத்துக்கறோம்'னு ஒரு ஏஜென்சி அண்ணனுக்கு மெயில் அனுப்பிருக்காம், நல்ல தொகை கேக்குறாங்க. கமெண்ட்லயே சொல்லிருந்தார்.

மேற்கோள் தேடி
தயவுசெஞ்சு ஒத்த ரூபா குடுக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. நீக்காம பாத்துக்கற அதிகாரம் எந்த ஏஜென்சிக்கும் கிடையாது. காசு வாங்கி எழுதினா வெளிப்படையா சொல்லியாகணும்னு 2014-லயே விதில சேத்தாச்சு. 2015-ல ஆங்கில விக்கில ஒரு கும்பல் மாட்டுச்சு, 381 கணக்க முடக்கினாங்க. நிராகரிச்ச வரைவுங்களா தேடிப் பிடிச்சு, சம்பந்தப்பட்டவங்ககிட்ட காசு வாங்கி கட்டுரை போட்டு, அப்புறம் அத 'பாதுகாக்க' மாசா மாசம் காசு கேட்டானுங்க. பாதிக்கப்பட்டதெல்லாம் சின்ன வியாபாரிங்க, கலைஞருங்க, உங்க அண்ணன் மாதிரி ஆட்கள்.

என் முடிவு இதான்: இப்போதைக்கு உருப்படியா ஒரே ஒரு ஆதாரம், அதனால வெளிய போடாதீங்க, மணல்தொட்டிலயே இருக்கட்டும். அந்த அரைப் பக்கம் மாதிரி வேற பத்திரிகைல இன்னும் ஒண்ணு ரெண்டு வந்தா, நாலு வரில சின்னதா போடலாம், நானே கூட நின்னு சரிபாத்துத் தர்றேன்.

காயில்கடை
சரி அக்கா, அப்படியே வச்சிருக்கேன். ஆனா சும்மா இருக்க மனசு வரல, அவர் கத்துக்குடுத்தத வேற எங்கயாவது சேக்க முடியுமா?

ஆலமரத்தடி வாசி
முடியும், உங்கள மாதிரி கைத்தொழில் தெரிஞ்ச ஆள் அங்க ரொம்ப கம்மி. விக்கிப்பீடியா செய்முறைப் புத்தகம் இல்ல, அதனால படிப்படியா எழுதுறதுன்னா அதோட கூடப்பிறந்த பாடநூல் தளமான விக்கிநூல்கள்ல எழுதுங்க. ஸ்லாட், காயில், சுத்துற அச்சு எல்லாத்தையும் உங்க கடைலயே போட்டோ எடுத்து விக்கிக்கான படம், வீடியோ எல்லாம் சேத்து வைக்குற தளமான பொதுவகத்துல ஏத்துங்க, மோட்டார் பத்தின கட்டுரைங்கள்ல போட நல்ல படம் வேணும்.

காயில்கடை
அவர் வீடியோல இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடலாமா?

ஆலமரத்தடி வாசி
வேணாம், காப்புரிமை அவரோடது. அவர்கிட்ட பேசி, அந்த வீடியோவோட லைசென்ஸ யூடியூப் செட்டிங்ஸ்ல கிரியேட்டிவ் காமன்ஸ்னு (பேரச் சொல்லிட்டு யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்னு குடுக்குற அனுமதி) மாத்தச் சொல்லுங்க. மாத்தினார்னா அவர் பேரக் குறிப்பிட்டு படம் மட்டும் இல்ல, வீடியோவயே பொதுவகத்துல ஏத்தலாம்.