தைப்பட்டத்தில் விதை போட்டவர்களே, இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

மூணாம்மாடி, மதுரை

போன வருடம் பொங்கல் முடிந்த வாரமே மொட்டைமாடித் தோட்டத்தில் விதை ஊன்றிவிட்டேன். பை, மண்கலவை கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. 14 தக்காளிச் செடி. பங்குனி பாதியில் ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகப் பூ. இந்த வருடம் தக்காளி விலை ஏறினால் நமக்கென்ன என்று வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லியாயிற்று.

எங்கள் தெருவுக்கு வருகிற கீரைக்கார அம்மா, செடியைப் பார்க்கிறேன் என்று ஒருநாள் மேலே வந்தார். ஒரு கொத்தின் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலால் லேசாகத் தட்டினார். ஐந்து பூவில் நாலு, காம்பில் முட்டி மாதிரி இருக்குமே அந்த இடத்தில் கழன்று அவர் கையில் விழுந்தன. இழுக்கவே இல்லை, தட்டியதோடு சரி. "ராத்திரியும் அனலடிக்குதுல்ல தாயி, இனி நிக்காது. கார்த்திகையில போட்டிருக்கணும்" என்று சொல்லி, அந்த நாலு பூவையும் என் கையில் கொட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மொத்தம் 3 பழம் கிடைத்தது. அதிலும் ஒன்று அணில் கடித்தது. அது போகட்டும். அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இந்தத் தையில் பை எல்லாம் காலியாகக் கிடக்கிறது, கை வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

சுரைக்கொடி, திருச்சி

அக்கா, என் கதையைக் கேட்டால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள்.

சுரை. முதல் மூன்று வாரம் வெறும் ஆண் பூ. அப்புறம் அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ வந்தது, மஞ்சளாகிக் கருகியது. அடுத்தது வந்தது, கருகியது. கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம் என்று தினமும் காலை 8 மணிக்குத் தூரிகையோடு போவேன். பூ அதற்குள் வெற்றிலையைக் கசக்கிப் போட்ட மாதிரி சுருண்டிருக்கும். பாகலும் பூசணியும் காலைப் பூ, சுரையும் பீர்க்கும் பொழுது சாயும்போதுதான் விரியும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

தெரிந்த அன்றைக்கே ராத்திரி ஏழரைக்கு மாடி ஏறினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பந்தலுக்குள் குனிந்து பெண் பூவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருட்டில் அந்த வெள்ளைப் பூ தனியாக மிதக்கிற மாதிரி இருந்தது. மேலே ஒரு அந்துப்பூச்சி வட்டமடித்தது. சரி, தொடப்போகிறேன் என்கிற நேரத்தில் எதிர்வீட்டு மாடியிலிருந்து "யாருய்யா அது மேல?" என்று ஒரு சத்தம். நான் வாயைத் திறக்க, போன் கீழே விழ, நாலு வீட்டு மாடியிலிருந்து டார்ச் என் மேல். லுங்கி, கையில் இதழ் உரித்த பூ. "பூவுக்குப் பூ சேத்து வைக்கிறேங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டு வாரத்தில் காய் பறித்துவிட்டேன். ஆனால் தெருவில் என் பெயர் இப்போது கல்யாணத் தரகர். பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கொங்குமண், கோவை

மதுரைச் சகோதரி, கீரைக்கார அம்மா சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தையில் தக்காளி வராது என்பது தவறு. தையில் விதைத்தால் வராது, தையில் நட்டால் வரும். இரண்டும் வேறு. விதை ஊன்றி நாற்று எடுக்க 25 நாள், நட்டுப் பூ எடுக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். நீங்கள் பொங்கல் கழித்து விதைத்தால் பூவும் வெயிலும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். மார்கழித் தொடக்கத்திலேயே நாற்றுவிட்டிருந்தால் மாசியில் காய் பிடித்திருக்கும்.

அடுத்தது நிழல்வலை. 50 சதவீத வலை போதும். பெரும்பாலோர் தலைக்கு மேல் மட்டும் கட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். மாடியில் கொல்வது மேற்கு வெயில், அந்தப் பக்கமும் இறக்கிக் கட்ட வேண்டும். பையைத் தரையில் அப்படியே வைக்காதீர்கள், தளம் சூடேறி வேர் வெந்துவிடும், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

தென்னைநார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிடுகிறவர்கள் நிறைய. அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை நுனி கருகும், நீங்கள் நோய் என்று நினைத்து மருந்தடிப்பீர்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு. பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி. நல்லது என்பதற்காக அப்படியே ஊற்றி வைக்காதீர்கள். இந்தப் பட்டத்துக்கு நான் சொல்வது வெண்டை, கொத்தவரை, கத்தரி, பீர்க்கு, பாகல். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலை போல் தெரிந்தால் அந்தச் செடியைப் பார்த்த அன்றே பிடுங்கிவிடுங்கள். அந்த நோயை வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டு போய்விடும். பரிதாபம் பார்க்கக் கூடாது.

என் அனுபவம் என்று பார்த்தால், மிளகாய்ச் செடியில் எறும்பு வரிசையாக ஏறியது. பூச்சியைத் தின்ன வருகிறது என்று நானும் ஒரு மாதம் ரசித்துக்கொண்டிருந்தேன். அது மாவுப்பூச்சியை மேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

மூணாம்மாடி, மதுரை

தரகரே, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோவை அண்ணா, கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கணக்குக் கேட்கவில்லை. அந்த எறும்புக் கதையை நீங்கள் நாலு வரிக்கு மேல் எழுதியிருக்கலாம்.

பனிக்காலக் கத்தரி, ஸ்கார்பரோ, கனடா

இங்கே நாட்காட்டியில் மார்ச் மாதமே வசந்தம் பிறந்துவிடும். அதை நம்பி யாரும் வெளியில் ஒன்றும் வைக்க மாட்டினம். பெப்ரவரிக் கடைசியில் பேஸ்மென்டில் விளக்குக்குக் கீழே கத்தரியும் மிளகாயும் போட்டு, பத்துக் கிழமைக்கு மேல் பிள்ளை மாதிரிப் பார்த்தேன். கோவை அண்ணையின் 25 நாள் கணக்கு இங்கே சரிவராது.

மே இரண்டாம் கிழமை ஒரு சனிக்கிழமை நல்ல வெயில், 22 பாகை. கன்று எல்லாவற்றையும் பின்வளவில் நட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலிக்காரக் கிழவர். அவருக்கு ஆங்கிலம் குறைவு, எனக்கும் அப்படித்தான். வேலிக்கு அங்கால் நின்று என் கன்றுகளைப் பார்த்தார், பிறகு வானத்தைக் காட்டினார். ஒரு முகில் இல்லை. சுட்டுவிரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இங்கே மே 24 கழியத்தான் நடவேண்டும் என்று எல்லாரும் சொல்லுவினம், அதைத்தான் சொல்லுகிறார் என்று விளங்கியது. நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

முகில் இல்லாத இரவில்தான் நிலத்துச் சூடு முழுக்க மேலே போய்விடும். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி. கத்தரி இலை அவித்த கீரை போலக் கருத்துத் தொங்குது. தொட்டால் தண்ணீர் கசியுது. 18 கன்று.

பத்து மணிபோல அந்தக் கிழவர் வந்து வேலிக்கு மேலால் நாலு தக்காளிக் கன்றை நீட்டினார். விரல் ஆட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

காலிப்பை, சென்னை

மாடியில் பையை அடுக்குகிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரப் பையில் ஏறக்குறைய 22 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண் தூக்கலாகப் போட்டு, தண்ணீரும் ஊற்றினால் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். நான் 28 பை வைத்திருந்தேன். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு டன். அதையும் மாடி நடுவில் வைத்திருந்தேன். சுவரை ஒட்டி வைத்திருக்க வேண்டும். தப்புதான்.

வாடகை வீடு. கீழே வீட்டு ஓனர். மாசியில் அவர் வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. செடியால்தான் என்று முடிவு செய்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் இறங்க வேண்டும் என்றார். கத்தரி அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தது. ஒவ்வொரு பையாக நெஞ்சோடு அணைத்து இறக்கினேன். படி திரும்பும் இடத்தில் காய்கள் கைப்பிடிக் கம்பியில் டொக் டொக் என்று இடிக்கும். பத்தாவது பையோ என்னவோ, ஓனர் வீட்டம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சமாதானம் சொல்லப் போகிறார் என்று நின்றேன். "எப்படியும் எடுக்கிறீங்க, ஒரு நாலு காய் பறிச்சுக்கட்டுமா தம்பி? இன்னிக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கலாம்னு" என்றார்.

பறித்துக்கொள்ளுங்கள் என்று பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு பறித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கொத்தனார் வந்து பார்த்ததில், கசிந்தது தண்ணீர்த்தொட்டிக் குழாய். செடியெல்லாம் அதற்குள் ஆளுக்கொன்றாகப் போய்விட்டது.

கொங்குமண், கோவை

அதற்குத்தான் மண்ணைக் குறைத்து தென்னைநார்க் கழிவைக் கூட்டச் சொல்கிறேன். பாதிக்குப் பாதி எடை குறையும். அப்புறம் பைக்கு அடியில்...

சுரைக்கொடி, திருச்சி

அண்ணே, அந்த மனுசன் கத்தரிக்காயைப் பறிகொடுத்த கதை சொல்கிறார்.

அவரைப்பந்தல், சேலம்

நான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

அப்பா போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பலோடு கலந்து பந்தல் அவரை விதை கிடைத்தது. எண்ணினேன், 11. கெட்டுப்போய்விடுமோ என்ற அவசரம், போன தையிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஏழு முளைத்தது. ஒன்றைப் பின்வீட்டு டீச்சருக்குக் கொடுத்தேன்.

சித்திரைக்குள் மாடியே தெரியவில்லை, அப்படி ஒரு கொடி. துணி காயப்போடும் கயிற்றையும் விடவில்லை. ஆனால் ஒரு பூ கிடையாது. கேட்ட இடத்திலெல்லாம் உரம் அதிகமாகிவிட்டது என்றார்கள். உரமே போடவில்லை. வைகாசியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. இலைக்கு மட்டும் எதற்கு ஊற்றுவது என்று ஆறு கொடியையும் அறுத்துப் போட்டேன். கயிற்றைச் சுற்றியிருந்தது மட்டும் வரவில்லை, காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் டீச்சர் ஒரு முறம் நிறைய அவரைக்காய் கொண்டுவந்து வைத்தார். "உங்க செடிதான், பிடுங்க சோம்பேறித்தனம், அப்படியே கிடந்துச்சு" என்றார். மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அவர் வீட்டு முருங்கை மரம் முழுக்க ஊதாப் பூ. பந்தல் அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்குமாம், தையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் அது பூக்கிற காலத்தில்தான் பூக்கும். அப்பா எப்போதும் ஆடியில்தான் ஊன்றுவார். சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஏன் ஆடி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கயிற்றில் அந்தக் காய்ந்த கொடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மூணாம்மாடி, மதுரை

டீச்சரிடம் விதைக்கு நாலு காய் முற்றவிடச் சொன்னீர்களா? எனக்கும் ரெண்டு விதை வேண்டும், கூரியர் செலவு நான் தருகிறேன். ஆடியில்தான் போடுவேன்.

அவரைப்பந்தல், சேலம்

சொன்னேன் அக்கா. போன வாரம் கேட்டால், "அடடா, எல்லாத்தையும் பொரியல் பண்ணிட்டேனே" என்கிறார். முருங்கை உச்சியில் கை எட்டாத இடத்தில் மூன்று காய் மட்டும் காய்ந்து தொங்குகிறது. முருங்கைக் கிளை, ஆள் ஏறினால் முறிந்துவிடும். தொரட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.