ஏர்டைம் ஃபேர்னஸ்: அலைநேரப் பங்கீடா, முறைவைப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வைஃபை ரவுட்டர் அமைப்புப் பக்கத் தமிழாக்கத்தில் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' (கருவிகளுக்கு அனுப்பும் நேரத்தைச் சமமாகப் பிரிக்கும் வசதி) என்பதற்கு 'வான்நேர நியாயம்' என்று வரைவில் இருக்கிறது. மாற்ற வேண்டும். அங்கே எதைப் பங்கிடுகிறார்கள் என்பதே அந்தச் சொல்லில் தெரியவில்லை.

பொதுவாக ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். வழக்கமான வைஃபையில் ஆளுக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கில்தான் வாய்ப்பு சமம். 1500 பைட் பாக்கெட்டை 54 மெகாபிட் வேகத்தில் இருக்கும் லேப்டாப் சுமார் 0.22 மில்லிநொடியில் அனுப்பிவிடும். இரண்டு சுவர் தள்ளி 6 மெகாபிட்டில் திணறும் போனுக்கு 2 மில்லிநொடி பிடிக்கும். இரண்டும் மாறி மாறி அனுப்பினால் ஆளுக்கு 5.4 மெகாபிட்தான் தேறும் (காத்திருப்பையும் தலைப்புச் சுமையையும் சேர்க்காத கணக்கு). நேரத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்தால் லேப்டாப்புக்கு 27, போனுக்கு 3. மொத்தம் 10.8 இருந்தது 30 ஆகிறது.

ஆக, பங்கிடுவது நேரத்தை. 'அலைநேரம்', 'அலைநேரப் பங்கீடு' என்று வைக்கலாமா?

---

> 'அலைநேரம்', 'அலைநேரப் பங்கீடு'

அலைநேரம் சரி. 'ஒலிபரப்பு நேரம்' வானொலிக்குப் போய்விட்டது, 'பேசும் நேரம்' ரீசார்ஜுக்குப் போய்விட்டது. இது புதிதாக, குழப்பமில்லாமல் இருக்கிறது.

'பங்கீடு'தான் இடிக்கிறது. பங்கீட்டை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். சமம் என்ற பொருள் அதில் இல்லை. இதற்கு நம் வாய்க்கால் பாசனத்திலேயே சொல் இருக்கிறது: முறை. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்றுதான் பேச்சு, எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று யாரும் அளப்பதில்லை. கிளை வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அந்த வயலுக்குக் குறைவாகத்தான் பாயும், ஆனால் அடுத்த வயலின் நேரம் அதனால் குறையாது. மெதுவான போனின் நிலை அச்சாக இதுதான். 'அலைமுறை' என்பேன்.

---

'அலைமுறை' என்று தனியாகப் பார்த்தால் இயற்பியல் பாடம் போலத் தோன்றும். முறை என்ற கருத்தை விடாமல் 'அலைநேர முறைவைப்பு' என்று விரித்துவிடலாம். பொத்தானில் இடம் போதாவிட்டால் 'முறைவைப்பு' மட்டும்.

இதே பக்கத்தில் இருக்கும் டபிள்யூஎம்எம் (பாக்கெட்டுகளை வகை பிரித்து முன்னுரிமை தரும் வைஃபை வசதி) பொத்தானையும் 'பங்கீடு' என்று எழுதியிருக்கிறார்கள். அது வேறு வேலை. குரல், காணொளி, பொது, பின்னணி என்று நான்கு வரிசை. யார் முந்துவது என்பதுதான் கேள்வி. 2005இல் வந்த 802.11இ என்ற வைஃபை தரத் திருத்தத்தைச் சார்ந்தது அது. 5 கிகாஹெர்ட்ஸில் போனோ லேப்டாப்போ குரல் பாக்கெட் அனுப்ப 34 மைக்ரோநொடி பொறுத்தால் போதும், அதன்மேல் 0 முதல் 3 வரை தற்செயலாக விழும் அலகுகள், அலகுக்கு 9 மைக்ரோநொடி. பின்னணிக்கு 79 மைக்ரோநொடி, அதன்மேல் 0 முதல் 15 அலகு. இதற்கு 'முந்துரிமை' என்பதே பொருந்தும்.

உதவிக்குறிப்பில் ஒரு வரி அவசியம். அழைப்புப் பாக்கெட்டுகளில் பொதுவாக 46 என்ற ஆறு பிட் முன்னுரிமைக் குறி இருக்கும். பல கருவிகள் அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுப்பதால் 5 கிடைக்கிறது, பாக்கெட் காணொளி வரிசைக்குப் போய்விடுகிறது. 6 என்று மாற்றினால்தான் குரல் வரிசை. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் சொல்வதும் அதுவே. இது தெரியாதவர் முந்துரிமையைப் போட்ட பிறகும் பேச்சு ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பார்.

லினக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு அலைநேரம் என்பதைக் குறிக்க இயல்பாக 256 என்று வரும் எண்ணை 'எடை' என்று பெயர்க்க வேண்டாம், 'பங்கு' போதும். 512 வைத்தால் இரண்டு பங்கு நேரம் என்று உடனே புரிந்துவிடும்.

---

முறைவைப்புக்கு உடன்படுகிறேன், முந்துரிமைக்கும் சரி. விளக்க வரியில் "ரவுட்டர் அனுப்புவதற்கு மட்டும்" என்று சேருங்கள். போன் மேலே ஏற்றும் படங்களை ரவுட்டரால் முறை வைத்து நிறுத்த முடியாது; அதைச் சொல்லாமல் விட்டால் பொத்தான் வேலை செய்யவில்லை என்றே புகார் வரும்.