மாவுக்கட்டுக் கையோடு உதவி கேட்பது எப்படி?

கேள்வி: மதுரைக்காரி
வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டு இன்றோடு 12 நாள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தினமும் பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி திருமங்கலத்துக்கு வேலைக்குப் போகிறேன். வலியைவிடப் பெரிய சிரமம், ஆள் ஆளிடம் வாய் திறந்து கேட்க வேண்டியிருப்பதுதான். "எனக்கு ஒரு உதவி செய்ய முடியுமா?" என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுகிறது. பணம் கேட்கப் போகிறேன் என்று நினைக்கிறார்களோ என்னவோ. நான் கேட்க வந்தது தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொல்லித்தான்.

என் அம்மா ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. "இந்த மூடி திருக மாட்டேங்குதே" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்வார். யாராவது வாங்கித் திறந்துவிடுவார்கள். எனக்கு அது வரவில்லை, கூச்சமாக இருக்கிறது. நீங்களெல்லாம் எப்படிக் கேட்கிறீர்கள்?

பதில்: தாமிரபரணி
அக்கா, 'உதவி' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அது வந்ததும் சின்ன விஷயம்கூடப் பெரிதாகிவிடுகிறது. வேலையை மட்டும் சொல்லுங்கள், முன்னால் ஒரு 'கொஞ்சம்' போட்டு. "அண்ணே, இதைக் கொஞ்சம் திறந்து தாங்களேன்." 'தாங்க' என்றால் ஏவுவது போல இருக்கும். கடைசியில் அந்த 'ஏன்' சேர்ந்ததும் குழைந்துவிடும். கூட்டமான பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மடியில் "கொஞ்சம் வச்சுக்கோங்க" என்று பையைக் கொடுக்கிறோமே, அங்கே 'உதவி' என்று யார் சொல்கிறார்கள்?

பதில்: பழைய வாத்தியார்
உங்கள் அம்மா செய்வதை ஆய்வாளர்களே கவனித்து எழுதியிருக்கிறார்கள். கோபின் கெண்ட்ரிக், பால் ட்ரூ இருவரும் 2016இல் எழுதிய கட்டுரையில், வாய்விட்டுக் கேட்பது உதவி பெறும் பல வழிகளில் ஒன்றுதான் என்கிறார்கள். சிரமத்தைச் சொன்னாலே, ஏன், தடுமாறுவது கண்ணில் பட்டாலே பக்கத்தில் இருப்பவர் கை நீட்டுகிறார். 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, 8 மொழிக்காரர்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தது. கேட்டது கிடைத்தபின் நன்றி சொன்னது ஏறக்குறைய 20க்கு 1 முறைதான். தமிழ் அதில் இல்லை. ஆனால் அம்மா தந்த காபிக்கு நன்றி சொன்னால் நம் வீட்டில் "என்னடா புதுசா?" என்றுதானே கேட்பார்கள்! கூச்சப்படாதீர்கள், அம்மா.

பதில்: மூத்த மருமகள்
எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "இப்ப ஒரு காபி குடிச்சா நல்லா இருக்கும்" என்று மாமனார் பொதுவாகத்தான் சொல்வார். கூடத்தில் நாலு பேர் இருப்போம். எழுந்து போவது நான் மட்டும்தான். இப்படி ஜாடையாகச் சொன்னால், மறுக்க முடியாதவர் தலையில்தான் அது விழும். ஆளைப் பார்த்து நேராகக் கேளுங்கள். அப்போதுதான் அவரும் முடியாது என்று சொல்ல முடியும்.

மதுரைக்காரி
மருமகள் சொன்னது உறைத்தது. யோசித்துப் பார்த்தால், அம்மா மூடி திருகவில்லை என்றபோதெல்லாம் எழுந்து போனது நான்தான். அண்ணன் அசைந்ததே இல்லை.

இன்று காலை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்தவரிடம் நேராகவே கேட்டேன். "அம்மா, இதைக் கொஞ்சம் திறந்து தாங்களேன்." திறந்து கொடுத்தார். எப்படி உடைந்தது என்று கேட்டார். அப்புறம் என் தலையைப் பார்த்தார். ஒற்றைக் கையால் பின்ன முடியாமல் இத்தனை நாளாக ஒரு ரப்பர் பேண்டில்தான் ஓடுகிறது. "திரும்பு" என்றார். நான் கேட்கவே இல்லை. திருப்பரங்குன்றம் வருவதற்குள் பின்னி முடித்துவிட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் "ரப்பர் பேண்ட எங்க வச்ச?" என்று கை நீட்டினார்.