அப்போலினேரின் கடிதங்களில் ஏன் இத்தனை குதிரைகள்?

கேள்வி:
பிரெஞ்சு மொழிக் கவிஞர் கியோம் அப்போலினேர் தன் காதலி லூவுக்கு எழுதிய முதல் உலகப் போர்க்காலக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். காதல் கடிதம் என்று எடுத்தால் லாயம், சேணம், சவாரி என்று போகிறது. குதிரை வருகிற இடமெல்லாம் காமத்தின் குறியீடு என்கிறார் ஒரு நண்பர். அப்படித்தான் படிக்க வேண்டுமா?

பதில்:
குறியீட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவர் பார்த்த வேலையைப் பாருங்கள். 1914 டிசம்பரில் தெற்கு பிரான்சின் நீம் நகரில் 38-வது பீரங்கிப் படைப்பிரிவில் தானாகவே போய்ச் சேர்ந்தார். வயது 34. பிரெஞ்சுக் குடியுரிமைகூட அப்போது கிடையாது. பாரீஸில் ஓவியர்களோடும் கவிஞர்களோடும் திரிந்தவரைப் பீரங்கிக் குதிரையோட்டியாகப் பழக்கினார்கள்.

அது லேசான வேலை இல்லை. 75 மி.மீ. பீரங்கியை ஆறு குதிரைகள் ஜோடி ஜோடியாக இழுக்கும். ஓட்டிகள் மூன்று பேர். ஒவ்வொருவரும் தன் ஜோடியின் இடப்பக்கக் குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு வலப்பக்கத்துக் குதிரையையும் சேர்த்து நடத்த வேண்டும். ஒரு ஜோடி பின்தங்கினால் மற்ற இரண்டு ஜோடிக்கும் பாரம் கூடும். இறங்கினால் ஓய்வு என்றும் இல்லை. தீனி, தண்ணீர், குளம்பு பார்ப்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது எல்லாம் காத்திருக்கும். நாள் முழுக்க இதிலேயே கிடக்கிற மனிதன் காதலிக்கு வேறு எதை எழுதுவான்?

உங்கள் நண்பர் சொல்வதும் சும்மா இல்லை. லூவுக்கு எழுதும்போது சவாரியும் சாட்டையும் ஆசையோடு கலந்துதான் வருகின்றன. ஆனால் வலிக்கிற உடம்பு முதலில், உருவகம் அதற்குப் பிறகுதான்.

கேட்டவர்:
சரி, 1915 கடைசிக்கு வந்தால் குதிரை குறைந்துவிடுகிறதே?

பதில்:
பிரிவு மாறியதுதான் காரணம். ஏப்ரலில் வடகிழக்கு பிரான்சின் ஷாம்பேன் போர்முனைக்குப் போனவர், நவம்பரில் 96-வது காலாட்படையில் துணை லெப்டினன்ட் ஆனார். அதன்பின் பதுங்குகுழிதான். லூவோடும் உறவு தளர்ந்து, கடிதங்கள் பெரும்பாலும் அல்ஜீரியாவில் இருந்த மத்லேன் என்ற இன்னொரு காதலிக்குப் போயின. 1916 மார்ச் 17 அன்று தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது.

இன்னொருவர்:
கூடவே அவருடைய 'காலிக்ராம்' கவிதைத் தொகுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கி ஓட்டியைப் பற்றியே அதில் ஒரு கவிதை உண்டு. அந்தத் தொகுப்பின் ஒரு பகுதியை 1915 ஜூனில் போர்முனையிலேயே 25 பிரதிகள் அச்சடித்தார்கள். கடிதங்களைத் தேதி வரிசையில் படியுங்கள். நீம் மாதங்களை அவசரமாகத் தாண்ட வேண்டாம்.