கார் இல்லாமல் ஒகேனக்கல்: அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாமா?

அல்சூர்_வாசி:
வணக்கம். பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம், நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், 68 வயது அம்மா. அம்மா ஒகேனக்கல்லைக் கடைசியாகப் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால். இன்னொரு தடவை கூட்டிப் போடா என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார். எங்களிடம் கார் இல்லை. டாக்ஸி விசாரித்தால் எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவைச் சொல்கிறார்கள். கார் இல்லாமல் அங்கே போகவே முடியாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். நிஜமா?

மடிவாளா_மைனா:
இல்லவே இல்லை. நான் நான்கு தடவை போயிருக்கிறேன், நான்கும் பஸ்தான். அல்சூரில் இருந்து சாந்திநகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடியுங்கள். சேலம் பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறினால் நான்கு பேருக்கும் சேர்த்து சீட் கிடைக்கும். மடிவாளாவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ நின்று கைகாட்டினால் அந்த உத்தரவாதம் கிடையாது. ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி தர்மபுரியில் இறங்குங்கள். அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு 46 கிலோமீட்டர், அதற்கும் பஸ் உண்டு.

ஏறும்போதே கண்டக்டரிடம் "தர்மபுரி ஸ்டாண்டுக்குள்ளே போகுமா, பைபாஸிலேயே போயிடுமா?" என்று கேட்டுவிடுங்கள். சேலம் வண்டிகளில் சில ஊருக்குள் வராது. பைபாஸில் இறக்கிவிட்டால் மூட்டை முடிச்சோடு ஆட்டோ தேட வேண்டிவரும்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு காருக்கு வேலையே இல்லை. பஸ் ஸ்டாண்ட், மீன் கடைகள், மெயின் அருவி, தொங்கு பாலம், பரிசல் துறை எல்லாம் நடக்கிற தூரம். காரில் வந்தவரும் வண்டியை நிறுத்திவிட்டு நம்மோடுதான் நடக்கிறார்.

ஒயிட்ஃபீல்ட்_வண்டி:
போகிற வழியை எல்லோரும் சொல்வீர்கள். திரும்புகிற வழியை யாராவது சொல்லுங்கள்.

போன வருடம் நாங்களும் பஸ்ஸில்தான் போனோம். ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒகேனக்கல் ஸ்டாண்டில் வந்து நிற்கிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறார்கள். ஈரத் தலையோடு என் பெண் தர்மபுரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். அங்கே சேலத்தில் இருந்து வருகிற பெங்களூர் பஸ் எல்லாம் நிரம்பித்தான் வருகிறது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கடைசியில் ஓசூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வீடு சேரும்போது ராத்திரி ஒன்றரை. குழந்தைக்கு மறுநாள் காய்ச்சல்.

68 வயது அம்மாவுக்கு இதைச் சொல்லாதீர்கள். காசு போனால் சம்பாதிக்கலாம், டாக்ஸி எடுங்கள்.

மடிவாளா_மைனா:
குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது வருத்தமாக இருக்கிறது சார். ஆனால் உங்களைப் படுத்தியது ஞாயிறு சாயங்காலம். அதே ராத்திரி அத்திப்பள்ளி டோலில் காரில் வந்தவர்களும்தான் ஊர்ந்துகொண்டிருந்திருப்பார்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு ராத்திரி தங்குங்கள். சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு அங்கேயே இருக்கிறது. காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் அருவியைப் பார்த்துவிட்டு, எல்லோரும் வந்து இறங்குகிற நேரத்தில் நீங்கள் காலி பஸ்ஸில் திரும்பலாம்.

பென்னாகரத்துப்_பையன்:
என் ஊர் என்பதால் சொல்கிறேன், இப்போது பொம்மனஹள்ளியில் இருக்கிறேன். பஸ்ஸா காரா என்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிட்டால், எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவைத் தாண்டி எங்கள் ஊருக்குத்தான் வரும். நீர்வரத்து ஏறினால் குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை என்று கலெக்டர் உத்தரவு வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கும். அணையில் திறந்த தண்ணீர் உடனே வந்துவிடாது, அதனால் முந்தின நாள் செய்தியில் எத்தனை கன அடி என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். டாக்ஸிக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் தடை என்று தெரிந்தும் கிளம்பிப் போவீர்கள். பஸ் என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடலாம்.

மேப் அஞ்செட்டி வழியைக் காட்டும். தூரம் குறைவுதான், ஆனால் காட்டு ரோடு, பஸ்ஸும் குறைவு. புதிதாகப் போகிறவர்களுக்கு வேண்டாம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் வளைவுகள் உண்டு, இருட்டினால் யானை ரோட்டுக்கு வரும். அந்தச் சாலை பழகாத டிரைவரோடு ராத்திரி மலையேறுவதைவிட, தினம் நாலு நடை ஓட்டுகிற எங்கள் பஸ் டிரைவரை நான் நம்புவேன்.

ஆடி பதினெட்டு அன்றைக்கு மட்டும் எதிலும் வராதீர்கள். மாவட்டமே அங்கேதான் இருக்கும்.

ஒயிட்ஃபீல்ட்_வண்டி:
தண்ணீர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கவே மாட்டேன் என்கிறீர்கள். முழங்கால். என் மாமியாரோடு போனபோதுதான் எனக்கே தெரிந்தது. பஸ்ஸின் முதல் படி தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று வயதானவர்களைக் கேளுங்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை நான் தாங்கி, அவர் ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் பின்னால் இருந்து "சீக்கிரம் ஏறுங்க" என்று குரல். போக வர நான்கு பஸ் என்றால் நான்கு தடவை இந்த ஏற்றம், நான்கு தடவை இறக்கம். நடக்கிற தூரம் என்று மைனா அக்கா சொல்வது நமக்கு நடக்கிற தூரம். ஈரப் பாறையில் அம்மாவால் நடக்க முடியுமா?

மடிவாளா_மைனா:
அந்தப் படியை நான் யோசிக்கவில்லை. நியாயம்தான். ஆனாலும் அல்சூரில் இருந்தே டாக்ஸி வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். சாந்திநகரில் நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸில் அவசரமில்லாமல் ஏறலாம். தர்மபுரியில் இருந்து மட்டும் 46 கிலோமீட்டருக்கு ஒரு வண்டி பேசுங்கள். மாத மளிகைக் காசு ஆகாது.

பென்னாகரத்துப்_பையன்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். பாறைப் பக்கமே அம்மா போக வேண்டாம். ஒரு பரிசலில் நாலு பேர் உட்காரலாம், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பரிசலில் ஏற இறங்க ஓட்டுகிற அண்ணனே கை கொடுப்பார். அதற்கும் முடியாவிட்டால் மீன் கடைப் பக்கம் உட்கார வையுங்கள். கட்லாவோ வாளையோ நீங்கள் வாங்கிக் கொடுத்தால், அங்கே அடுப்பு வைத்திருக்கிற அக்காக்கள் கழுவி, மசாலா தடவி, கண் முன்னாலேயே குழம்பும் வறுவலுமாகச் செய்து கொடுப்பார்கள். எண்ணெய் கொதிக்கிற சத்தமும் அருவிச் சத்தமும் சேர்ந்துதான் எங்கள் ஊர்.

அல்சூர்_வாசி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மீன் கடை வந்த இடத்தில் நிறுத்தி, "அப்பவும் அப்படித்தான், எங்க அப்பா வாளை வாங்கிக் குடுத்தாரு" என்றார். வியாழக்கிழமை கிளம்பி ஒரு ராத்திரி தங்குகிறோம். தர்மபுரி வரை பஸ், அங்கிருந்து வண்டி. ஒரு சந்தேகம்: கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கிறதே, அம்மாவுக்கும் மனைவிக்கும் இந்த பஸ்ஸில் செல்லுமா?

மடிவாளா_மைனா:
செல்லாது. சக்தி திட்டம் கர்நாடகத்துக்குள் மட்டும்தான். நான்கு பேருக்கும் டிக்கெட் எடுங்கள்.

ஒயிட்ஃபீல்ட்_வண்டி:
நான் இன்னமும் டாக்ஸிதான் சொல்வேன். போவது என்று முடிவானதால் ஒன்று. பின் சக்கரத்துக்கு மேல் இருக்கிற சீட்டில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள், கால் மடங்கியே இருக்கும், முழங்கால் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை.