டெம்பரேச்சர் ஸ்ட்ரெஸ்: ‘அழுத்தம்’ வேண்டாம், ‘வாட்டல்’ என்போம்

அன்புடையீர்,

கழிவுநீரில் பாசி வளர்த்து ஆற்றல் எடுக்கும் துறைக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். நுண்பாசி, கழிவுநீர், உயிரி ஆற்றல் ஆகிய மூன்று சொற்களிலும் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் ‘டெம்பரேச்சர் ஸ்ட்ரெஸ்’, அதாவது ஒவ்வாத சூடோ குளிரோ உயிரியை நெருக்குவது, அதிலுள்ள ‘ஸ்ட்ரெஸ்’ என்பதில்தான்.

‘வெப்பநிலை அழுத்தம்’ என்றால் படிப்பவர் தடுமாறுவார். ஈரப் பாசியைச் சுமார் 300 டிகிரி வெப்பத்தில், உயர் அழுத்தத்தில் எண்ணெயாக்கும் முறை இருக்கிறது. அதைப் பற்றி எழுதும் பத்தியில் எந்த அழுத்தம் எது என்று எப்படிப் பிரிப்பது? ‘தகைவு’ இயற்பியலில் கம்பிக்கும் உத்தரத்துக்கும் ஊன்றிவிட்ட சொல், அது அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘வாட்டல்’. வெயில் வாட்டுகிறது, குளிர் வாட்டுகிறது, பசி வாட்டுகிறது என்று தினமும் சொல்கிறோம். வெப்ப வாட்டல், குளிர் வாட்டல், உவர் வாட்டல் என எல்லாம் ஒரே அச்சில் வரும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கட்டுச்சோறு கட்ட வாழையிலையை அனலில் வாட்டுகிறோமே, இலை கருகுவதில்லை. நிறம் அடர்ந்து, பளபளப்பு ஏறி, மடித்தால் கிழியாத பதத்துக்கு வருகிறது. ஸ்ட்ரெஸ் என்பதும் இதுதான்: உயிரைப் போக்காமல் உள்ளியல்பை மாற்றுவது. 2009இல் வந்த ஓர் ஆய்வில், 20 டிகிரியிலிருந்து 25க்கு ஏற்றியதும் நானோகுளோராப்சிஸ் பாசியின் கொழுப்பு 7.9 விழுக்காட்டிலிருந்து 14.9 ஆனது. குளோரெல்லா வல்காரிஸ் என்ற இன்னொரு பாசிக்கு 25இலிருந்து 30க்கு ஏற்றியபோதோ கொழுப்பு 14.7 விழுக்காட்டிலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. சூடு ஏறுவது ஒன்றில் கொழுப்பைக் கூட்டுகிறது, இன்னொன்றில் குறைக்கிறது. ‘கேடு’, ‘பாதிப்பு’ போன்ற சொற்களை நான் தவிர்ப்பது இதனால்தான். அவை முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

சரி, ‘வாட்டம்’ என்றே வைக்கலாமே என்று ஐயா கேட்டிருந்தீர்கள். கழிவுநீர்க் குழாய் பதிக்கும் கொத்தனார் ‘வாட்டம் பத்தலை’ என்றால் சரிவைச் சொல்கிறார். நம் துறைக்குள்ளேயே மோதும். அப்புறம், வாட்டம் என்பது விளைவு. வாட்டல்தான் அதை உண்டாக்கும் செயல். இரண்டையும் பிரித்து வைத்தால் கட்டுரை எழுதுபவருக்கு நல்லது.

குளிருக்கும் சொல் நிற்கிறதா என்று பார்த்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ராஸ்வெல்லில், எரிபொருளுக்காக 1,000 சதுர மீட்டர் குட்டைகளில் பாசி வளர்த்தார்கள். இரவுக் குளிரில் விளைச்சல் சரிந்தது. ‘குளிர் வாட்டலால் விளைச்சல் சரிந்தது’ என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை.

இந்த வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்: ‘கோடை நண்பகலில் குட்டைநீர் சூடேறியதும், வெப்ப வாட்டலுக்கு உள்ளான நுண்பாசி அம்மோனியத்தை உறிஞ்சுவது குறைந்தது.’