"ரெக்கார்டு நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் வழக்கே இல்லையா? ஈகோர்ட்ஸ் தேடல் அனுபவங்கள்

வில்லங்கம் பார்ப்பவர்

இடம் வாங்குகிற பலரும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் கிரயம், அடமானம், பதிவான ஜப்தி எல்லாம் வரும். அண்ணன் தம்பிக்குள் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் வராது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொத்தை வாங்கினால், கடைசியில் வரும் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "வழக்கு இருப்பதே எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் தளத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

அந்தத் தளத்தில் சர்வே எண்ணை வைத்துத் தேட முடியாது. வழக்கு எண் தெரியாதவருக்குப் பெயர்தான் வழி. கேஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, பார்ட்டி நேம் தேடலுக்குள் போங்கள். பெயரில் குறைந்தது 3 எழுத்தாவது வேண்டும். ஆண்டையும் கொடுக்க வேண்டும். ஒரு ஆண்டு தேடி "ரெக்கார்டு நாட் ஃபவுண்ட்" என்று வந்ததும் வழக்கே இல்லை என்று விட்டுவிடாதீர்கள், ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போக வேண்டும். பெண்டிங், டிஸ்போஸ்டு, போத் என்று மூன்று இருக்கும். போத் போடுங்கள். முடிந்த வழக்கின் டிக்ரியை (தீர்ப்பின்படி எழுதப்படும் ஆணையை) நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருப்பதால், முடிந்துபோன வழக்கும் ஆபத்துதான். ஆகவே குறைந்தது 12 ஆண்டாவது தேட வேண்டும். விற்பவர் பெயர் மட்டும் போதாது. அவருடைய அப்பா, உடன்பிறந்தவர்கள், அவருக்கு விற்றவர் என எல்லார் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

தேடலில் வேறு எங்கெல்லாம் தவறு நேர்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

குமாஸ்தா, தஞ்சைப் பக்கம்

முதல் தவறு நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில். விற்பவர் சென்னையில் இருக்கிறார் என்று சென்னையில் தேடுவார்கள். நிலத்தின் மீதான வழக்கை நிலம் இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், 16-ஆம் பிரிவு). நிலம் எந்தத் தாலுகாவில் இருக்கிறதோ அந்த வளாகத்தில் தேடுங்கள். அதோடு சப் கோர்ட், மாவட்ட நீதிமன்றம் இருக்கும் வளாகங்களையும் பாருங்கள். சொத்தின் மதிப்பைப் பொறுத்து வழக்கு மேலே போயிருக்கலாம்.

வருவாய் மாவட்டமும் நீதித்துறை மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று பிரித்தார்கள். 2020-இல் மயிலாடுதுறை. பிரிவினைக்கு முந்தைய வழக்குகளுக்குத் தாய் மாவட்டத்தின் பட்டியலிலும் தேடுங்கள்.

அடுத்தது பெயர். பிராது தமிழில் இருந்தாலும் கணினியில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றுகிறார்கள். 'ழ'வுக்கு ஒருவர் இஸட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். லட்சுமி என்ற ஒரு பெயரையே நான்கு விதமாக எழுதிப் பார்த்திருப்பீர்கள். முழுப் பெயரையும் அடித்தால் ஒரு எழுத்து மாறினாலும் வராது. அதனால் எப்படி எழுதினாலும் மாறாத துண்டை மட்டும் அடியுங்கள். முருகேசனுக்கு 'முரு', பழனிச்சாமிக்கு 'சாமி'. சாமிக்கும் எஸ்-ஏ-எம்-ஐ ஒரு தடவை, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் ஒரு தடவை. இனிஷியல் போடாதீர்கள். பெயருக்கு முன்னால் ஏற்றினார்களா பின்னால் ஏற்றினார்களா என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் நீளமாக வரும், பொறுமையாக எதிர்த்தரப்புப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். குடும்ப வழக்கென்றால் எதிர்த்தரப்பிலும் அதே அப்பா பெயர் கண்ணில் படும்.

சிஎன்ஆர் பைத்தியம்

ஒரு முறை வழக்கு கிடைத்துவிட்டால் சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாவட்டம், வளாகம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். மொத்தம் 16 இடம். முதல் 2 எழுத்து மாநிலம், அடுத்த 2 எழுத்து மாவட்டம், பிறகு 2 இலக்கம் எந்த நீதிமன்ற அமைப்பு என்பதற்கு, 6 இலக்கம் வரிசை எண், கடைசி 4 இலக்கம் ஆண்டு. நடுவில் இடைவெளியோ கோடோ வரக்கூடாது. சுழியம் வரும் இடத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்தை அடித்தால் கிடைக்காது.

அந்த 6 இலக்கத்தைப் பார்த்து அதுதான் ஓ.எஸ். நம்பர் (அசல் சிவில் வழக்கின் எண்) என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. தாக்கல் செய்தபோது விழுந்த வரிசை அது. டிசம்பரில் தாக்கலாகி, குறை சொல்லித் திருப்பி, சரிசெய்து ஜனவரியில் நம்பரான (கோப்பில் ஏற்று வழக்கு எண் கொடுத்த) வழக்குக்கு சிஎன்ஆரில் ஒரு ஆண்டும் ஓ.எஸ். நம்பரில் அடுத்த ஆண்டும் இருக்கும். இன்னும் நம்பரே ஆகாத வழக்கு, கேஸ் நம்பர் தேடலில் வராது. ஃபைலிங் நம்பர் தேடலில் பாருங்கள்.

ஈகோர்ட்ஸ் செயலியில் மை கேஸஸ் என்ற பகுதியில் சேமித்துவைக்கலாம். அந்தப் பட்டியல் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கிறது. போன் மாற்றும் முன் எக்ஸ்போர்ட் செய்து கோப்பை வேறிடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் போய்விடும்.

வில்லங்கம் பார்ப்பவர்

இதோடு ஒன்று: "டிஸ்போஸ்டு" என்று பார்த்ததும் நிம்மதி அடையாதீர்கள். நேச்சர் ஆஃப் டிஸ்போசல் என்ற வரியைப் படியுங்கள். "டிரான்ஸ்ஃபர்டு" என்று இருந்தால் வழக்கு வேறு நீதிமன்றத்தில் வேறு எண்ணில் உயிரோடு இருக்கிறது. டிக்ரி ஆகியிருந்தால் அதை நிறைவேற்றக் கோரும் மனு (இ.பி.) தனி எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கலாம், அப்பீல் வேறு நீதிமன்றத்தில் ஏ.எஸ். என்று ஓடலாம். ஒவ்வொன்றையும் தனியாகத்தான் தேட வேண்டும். கேவியட் தேடலையும் ஒரு தடவை பாருங்கள். என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் மனுதான் கேவியட், அது 90 நாள் செல்லும். வழக்கு வரப்போகிறது என்று யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

கிரிமினல் சைடு

குற்ற வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். நம்பர் தேடல் இருக்கிறது. காவல் நிலையம், எண், ஆண்டு கொடுத்தால் போதும். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் கோப்பில் எடுத்த பிறகுதான் சி.சி. எண் (மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்கு எண்) அங்கே விழும். அதற்கு முன் ஜாமீன் மனு மட்டும் தெரியலாம்.

செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய குற்றம் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் அது பி.ஆர்.சி. என்ற எண்ணில் இருக்கும். அவர் செஷன்ஸுக்கு ஒப்படைத்ததும் பி.ஆர்.சி. முடிந்ததாகக் காட்டும். வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்து வாரண்ட் வாங்கியவர்கள் உண்டு. ஒப்படைத்த வழக்கு எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்ற புது எண்ணில், புது சிஎன்ஆரில் இருக்கும். மறுபடியும் எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டு, இந்தத் தடவை செஷன்ஸ் நீதிமன்ற வளாகத்தில் தேடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. குற்றப்பத்திரிகையை அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதைப் பொதுவில் ஏற்ற வேண்டும் என்ற மனுவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்றமே நகல் தரும்.

மதுரை அமர்வு

உயர் நீதிமன்றத்துக்குத் தனித் தளம், மாவட்ட நீதிமன்றத் தேடலில் அது வராது. அங்கே அதிகம் நடக்கும் தவறு, மதுரை அமர்வைக் குறிக்கும் எம்.டி. என்ற இரண்டெழுத்தை விடுவது. ரிட் மனு 1234/2019 சென்னையில் ஒன்று, அதே எண்ணில் எம்.டி. சேர்த்து மதுரையில் ஒன்று இருக்கும். இரண்டும் சம்பந்தமே இல்லாத வழக்குகள். உத்தரவின் முதல் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எம்.டி. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மதுரை அமர்வைத் தேர்ந்தெடுங்கள். அமர்வு தொடங்கியது 2004 ஜூலையில். அதற்கு முந்தைய தென்மாவட்ட வழக்குக்குச் சென்னை எண்தான் இருக்கும்.

ஒரு வாசகி

நல்ல விவரங்கள், நன்றி. விவாகரத்து வழக்கில் எண் சரியாக இருக்கிறது, வாய்தா தெரிகிறது, உத்தரவை மட்டும் திறக்க முடியவில்லை. இது தளத்தின் கோளாறா?

குமாஸ்தா, தஞ்சைப் பக்கம்

கோளாறு இல்லை அம்மா. திருமண வழக்கு, போக்சோ, சிறார் வழக்கு, பாலியல் குற்ற வழக்கு ஆகியவற்றின் உத்தரவுகளை வேண்டுமென்றேதான் மறைத்துவைக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பு என்றால் நகல் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருவேளை மறைக்க வேண்டிய பெயர் திறந்து கிடப்பதைக் கண்டால், அதன் படத்தை எங்கும் பகிராமல் வழக்குரைஞர் மூலம் அந்த நீதிமன்றத்திலேயே மெமோ போடச் சொல்லுங்கள்.

கிரிமினல் சைடு

விடுதலையான வழக்கின் தீர்ப்பில் பெயர் கிடக்கிறது, தேடுபொறியில் வருகிறது, வேலை கிடைக்கவில்லை என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்கு இன்னும் உறுதியான பதில் இல்லை. விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. காசு வாங்கிக்கொண்டு நீக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

மதுரை அமர்வு

வழக்கில் தரப்பாக இல்லாதவர் நகல் கேட்டால், எதற்குத் தேவை என்று காரணம் சொல்லி உறுதியுரைப் பத்திரத்தோடு மனு போட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் திரும்பிவரும். நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

குமாஸ்தா, தஞ்சைப் பக்கம்

வாய்தா விஷயத்தில் திரையை மட்டும் நம்பாதீர்கள். அடுத்த தேதியை ஏற்றுவது நீதிமன்ற ஊழியர். கோப்பு மேசையில் தேங்கினால் பழைய தேதியே நிற்கும். வாய்தாவுக்கு முந்தின நாளே காஸ் லிஸ்டையும் (அந்தத் தேதிக்கான வழக்குப் பட்டியல்) பாருங்கள். பெயர் தேடும்போது உங்களுக்கு எதிராகவே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு (நீங்கள் ஆஜராகாமல், எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுச் சொன்னது) இருப்பது தெரிந்தால், அதை ரத்து செய்யும் மனுவுக்கு 30 நாள்தான். டிக்ரி தேதியிலிருந்து அந்தக் கணக்கு. சம்மன் முறையாகச் சார்வாகவில்லை (உங்களிடம் சேர்ப்பிக்கப்படவில்லை) என்றால் மட்டும், தெரியவந்த நாளிலிருந்து. தெரியவந்த அன்றைக்கே பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு வழக்குரைஞரிடம் போங்கள்.

வில்லங்கம் பார்ப்பவர்

தளத்தில் இறக்கும் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்ளலாம், அப்பீலுக்கு அது உதவாது. சான்றிட்ட நகல் வேண்டும். "இன்னும் ஏற்றவில்லை, ஏறியதும் பார்க்கலாம்" என்று காத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். அப்பீல் அவகாசம் தீர்ப்பு நாளிலிருந்து ஓடுகிறது, தளத்தில் ஏறிய நாளிலிருந்து அல்ல. உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், கீழமை அப்பீல் நீதிமன்றத்துக்கு 30 நாள்.

நகல் தயாராக ஆகும் நாட்களைக் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவு கழித்துத் தரும். ஆனால் நகல் மனு போடும் முன்பே டிக்ரி தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்களைக் கழிக்காது. எனவே தீர்ப்பு சொன்ன அன்றோ மறுநாளோ நகல் மனு போட்டுவிடுங்கள். சான்றிட்ட நகலின் பின்னால் மனு போட்ட நாள், நகலுக்கான ஸ்டாம்ப் கேட்ட நாள், ஸ்டாம்ப் கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று வரிசையாக முத்திரை இருக்கும். ஸ்டாம்ப் கேட்டது தெரியாமல் நீங்கள் தாமதித்த நாட்களும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் விழும். நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையை இரண்டு நாளுக்கு ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், அந்தப் பட்டியல் ஈகோர்ட்ஸ் வழக்கு விவரத்தில் வராது.